கோழிக்கு வாங்கிய முட்டை

ஜன்னலோரம் நீங்களே உட்காருங்கள் தங்கச்சி. எனக்கு எதிர்க்காற்று ஆகாது, காது அடைத்துக்கொள்ளும். எங்கே, அருப்புக்கோட்டையா? நல்லதாகப் போயிற்று. நானும் அங்கேதான்.

நான் கொஞ்சம் சத்தமாகப் பேசுவேன். காது மந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். வேண்டுமென்றுதான் சத்தமாகப் பேசுகிறேன். அதோ, முன்னால் மூன்றாவது சீட்டில், பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பச்சைச் சுடிதார் போட்ட ஒருத்தி தனியாக உட்கார்ந்திருக்கிறாள் பாருங்கள். அவள் என் மருமகள். நாகஜோதி என்று பெயர். தோளில் கிடப்பது என் பேரன். மூன்று பேரும் கமுதியில் ஒரே வீட்டிலிருந்து புறப்பட்டு ஒரே பஸ்ஸில் ஏறினோம். நான் அருப்புக்கோட்டைக்கு டிக்கெட் எடுத்தேன். அவள் மதுரைக்கு எடுத்திருக்கிறாள்.

விஷயம் அவ்வளவுதான். அருப்புக்கோட்டையில் பஸ் பத்து நிமிஷம் நிற்கும். அதற்குள் அவள் இறங்கினால் என் வீட்டுக்கு வருகிறாள். இறங்காவிட்டால் இனிமேல் வரமாட்டாள். என் மகன் முனீஸ் மதுரையில் லேத் பட்டறையில் இருக்கிறான். வில்லாபுரத்தில் ரூம் பார்த்துப் பாலும் காய்ச்சிவிட்டான்.

அவள் இறங்கவேண்டுமென்றால் நான் ஒரு வார்த்தை சொல்லவேண்டுமாம். தப்புத்தான் என்று. சொல்லமாட்டேன். கமுதியில் அவள் அம்மா, அப்பா, அண்ணன் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கேட்டுப் பார்த்துவிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. இந்த பஸ்ஸிலும் திறக்கமாட்டேன்.

எல்லாம் கோழியால் வந்தது. சிரிக்காதீர்கள்.

என்னிடம் ஆறு பெட்டைகளும் ஒரு சேவலும் இருந்தன. வீட்டுக்காரர் திருப்பூரில் வாட்ச்மேன், பொங்கலுக்கு ஒரு முறை, ஆடிக்கு ஒரு முறை வருவார். முனீஸ் சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போவான். மற்ற நாளெல்லாம் நானும் கோழிகளும்தான். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். எனக்குத் தெரிந்த ஒரே படிப்பு கோழிதான். அதில் என்னை யாரும் குறை சொல்லமுடியாது.

உங்களுக்குக் கோழி வளர்த்துப் பழக்கம் உண்டா? இல்லையா? அப்படியானால் சொல்கிறேன். வருஷத்துக்கு ஒரு முறை, புரட்டாசி மழை தொடங்கி வெயில் குறையும்போது, வயதான கோழி தன் இறகையெல்லாம் உதிர்த்துவிடும். கழுத்தில் ஆரம்பிக்கும், முதுகுக்குப் போகும், கடைசியில் வால். தலையணையைக் கிழித்துக் கொட்டியதுபோல் கொல்லை முழுக்கக் கிடக்கும். அது சீக்கு இல்லை. பழசைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு போட்டுக்கொள்கிறது. ஆனால் அந்த இரண்டு மாதமும் முட்டை போடாது. மூலையில் போய்க் குறுகி நிற்கும். புது இறகு ஊசி ஊசியாகக் குருத்துவிடும், குருத்துக்குள்ளே ரத்தம் இருக்கும், தொட்டால் வலிக்கும். அந்த நேரத்தில் கோழியைத் தூக்கக்கூடாது, துரத்தக்கூடாது, ஒரு அதட்டல்கூடப் போடக்கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கூப்பிட்டுக் கையால் தீனி கொடுக்கவேண்டும்.

இந்த வருஷம் முதலில் கொட்டியது செவலைக்குத்தான். கழுத்து முழுக்க மொட்டை. பக்கத்து வீட்டுச் சந்தனமாரி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "மதினி, இது கொள்ளைநோயி. இன்னைக்கே அறுத்துக் குழம்பு வையுங்க. எங்க கோழிக்கும் பரவிரும்" என்றாள்.

"ஒன் தலையில முடி கொட்டுதே, ஒன்னையும் குழம்பு வச்சிருவமா?" என்று கேட்டேன். அன்றைக்கு நின்றது அவளோடு பேச்சு. இன்றுவரை பேசவில்லை.

பிறகு சும்மா இருந்தேனா? செவலையைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். சின்ன வயது டாக்டரம்மா. நல்ல பிள்ளை. "சீக்கு இல்லைம்மா. இறகு முழுக்கப் புரதம். அதுக்கு நல்ல தீனி வேணும்" என்றாள். அதைத்தான் நானும் சொல்கிறேன். இறகு என்ன காற்றிலிருந்தா முளைக்கும்? உடம்புக்குள்ளே இருந்து வரவேண்டும். உள்ளே போட்டால்தான் வெளியே வரும்.

நெத்திலிக் கருவாட்டை வெறும் சட்டியில் வறுத்து இடித்து ஒரு கை. ஊறவைத்த கடலைப்புண்ணாக்கு. முருங்கைக்கீரை. தண்ணீரில் நாலு சொட்டு வைட்டமின் மருந்து. இது தவிர, உடைந்த பானைக்குள் பழைய சாக்கையும் காய்ந்த சாணியையும் திணித்துத் தண்ணீர் தெளித்து, வேலியோரம் கரையான் புற்றுப் பக்கம் கவிழ்த்து வைத்தால், விடியும்போது பானை நிறையக் கரையான். அதைக் கொட்டினால் கோழிகள் என்னைச் சுற்றி ஓடிவரும் பாருங்கள், பள்ளிக்கூடம் விட்டதுபோல இருக்கும். வாரத்தில் மூன்று நாள் முட்டை. ஆமாம், முட்டைதான். கடையில் வாங்கி, வேகவைத்து, ஓட்டோடு நசுக்கி. கோழிக்கே முட்டையா என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். இறகுக்கு அதைவிட ஒன்று கிடையாது.

இப்படி நான் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் இவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில், ஐந்தாம் மாதம் புருஷன் வீட்டுக்கு, அதுதானே வழக்கம். புரட்டாசி கடைசியில் வந்தாள். நான் ஆரத்தி எடுத்தேன். தொட்டில் கட்டினேன். பிள்ளையைக் குளிப்பாட்டினேன். இதையெல்லாம் அங்கே யாரும் சொல்லவில்லை பாருங்கள்.

வந்த பத்தாம் நாள் இவளுக்கும் தலைமுடி கொட்ட ஆரம்பித்தது. சீப்பில் முடி, தலையணையில் முடி, குளியலறைத் தண்ணீர் போகாமல் அடைத்துக்கொள்ளும் அளவுக்கு முடி. ஒரு நாள் உள்ளங்கையில் உருண்டையாக எடுத்துக்கொண்டு வந்து, "அத்தே, பயமா இருக்கு" என்றாள்.

நான் என்ன தப்பாகச் சொன்னேன்? "கண்ட ஷாம்பைப் போட்டா கொட்டாம என்ன செய்யும்? முடிதான, தானா வளரும். போ, தண்ணி அடைப்ப எடுத்துவிடு" என்றேன். பிள்ளை பெற்றவளுக்கு முடி கொட்டுவது உலகத்தில் இல்லாததா? எனக்கும்தான் கொட்டியது. யார் வந்து என்னைக் கேட்டார்கள்?

மணி என்ன தங்கச்சி? மூன்றே காலா? வெயில் தாழ்வதற்குள் போய்விடவேண்டும். வேலியோரம் ஒரு கீரி நடமாடுகிறது. கூட்டுக் கதவுக்குக் கொண்டி சரியில்லை.

எங்கே விட்டேன்? ம், சத்துமாவு. அங்கன்வாடியில் பால் கொடுக்கிற தாய்க்குச் சத்துமாவுப் பாக்கெட் கொடுக்கிறார்கள். பச்சைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இவள் எதற்கு வெயிலில் போகவேண்டும் என்று நானே போய் வாங்கிவந்தேன். முதல் நாள் வெந்நீர் ஊற்றிப் பிசைந்து இரண்டு உருண்டை பிடித்துக் கொடுத்தேன். ஒன்றைத் தின்றுவிட்டு, "வயிறு உப்புசமா இருக்குத்தே, போதும்" என்றாள். போதும் என்றாளா இல்லையா? போதும் என்றவளிடம் மறுநாளும் கொண்டுபோய் நீட்டவா முடியும்? மாவு வண்டு பிடிக்கவா நான் அவ்வளவு தூரம் நடந்தேன்? கோழிக்கு உருட்டிப் போட்டேன். அடுத்த முறை வாங்கியதையும் போட்டேன். ஒளித்துப் போடவில்லை. கொல்லையில் பட்டப்பகலில்தான் போட்டேன்.

கேட்டீர்களா? முன்னாலிருந்து வாயைத் திறக்கிறாள். "டாக்டரம்மா சொன்னதையும் சொல்லுங்க" என்கிறாள். திரும்பக்கூட இல்லை, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொல்கிறாள்.

முனீஸிடம் ஒரு நாள் போனில் வாய்தவறிச் சொன்னேன், அவன் இவள் காதில் ஓதியிருக்கிறான். சொல்கிறேன், எனக்கென்ன பயம்? டாக்டரம்மா ஒரு முறை சொன்னாள், மாவு வேண்டாம், அதில் வெல்லமும் தானியமும்தான், இறகுக்கு உதவாது, கொழுப்புத்தான் ஏறும் என்று. தின்பண்டம் ஒரு கைப்பிடிக்கு மேல் போகக்கூடாது என்றும் சொன்னாள். சொன்னாள்தான். ஆனால் அது கோழியைப் பார்க்காதவர்கள் சொல்லும் பேச்சு. உருண்டையைக் கையில் எடுத்தவுடன் என் கறுப்புப் பெட்டை, கறுப்பி, மடியில் ஏறி உட்காருவாள். அவளுக்கு எப்படிக் கொடுக்காமல் இருப்பது?

கார்த்திகையில் ஒரு காலை. அடுப்பில் நாலு முட்டை வெந்துகொண்டிருக்கிறது. இவள் விடிய விடியப் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு, கண்ணெல்லாம் உள்ளே போய், அடுப்படிக்கு வந்து நிற்கிறாள். "அத்தே, கைகால் நடுங்குது. முட்டை ஏதும் இருக்கா?" என்கிறாள்.

"எங்கத்தா? கோழிதான் முட்டை போடலையே" என்றேன்.

அவள் சட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அப்ப இது?"

"அது கோழிக்கு வாங்குனது."

இதில் எங்கே பொய் இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். கோழி முட்டை போடவில்லை, உண்மை. அது கோழிக்கு வாங்கியது, உண்மை. 'அதுல ஒண்ணு எனக்குக் குடுங்க' என்று கேட்டிருந்தால் கொடுத்திருக்கமாட்டேனா? வாயைத் திறந்து கேட்கவேண்டாமா? கோழிகூடக் காலைச் சுற்றி வந்து கேட்கிறது. இவள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். நான் முட்டையை நசுக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனேன்.

அன்றைக்குப் பார்த்துத்தானா அங்கன்வாடி டீச்சர் பிள்ளைக்கு எடை பார்க்க வரவேண்டும்? எடை பார்த்துவிட்டு இவள் முகத்தைப் பார்த்தாள். "என்னம்மா இப்படி வெளுத்துப்போயிருக்க? சத்துமாவு ஒழுங்காச் சாப்பிடுறியா?" என்றாள்.

"எந்த மாவு? வந்த புதுசுல ஒரு நாள் தந்தாங்களே, அதுவா?" என்று கேட்டாள் இவள்.

சுவருக்கு அந்தப் பக்கம் சந்தனமாரி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பொறுக்குமா? "கோழியில்ல திங்குது! ரெண்டு மாசமா உருட்டி உருட்டிப் போடுறாகளே, நீ பாக்கலையா?" என்று அங்கிருந்தே சொன்னாள்.

டீச்சர் என்னைப் பார்த்தாள். நான் டீச்சரைப் பார்த்தேன். "ஆமா, போட்டேன். அவ வேண்டாம்னா, போட்டேன்" என்றேன். யாருக்கும் தலை குனியவில்லை.

இவள் அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. அழவில்லை. பையில் துணியை எடுத்து வைத்தாள். பிள்ளையைத் துண்டில் சுற்றினாள். வாசலில் நின்று சொன்னாள்: "ரெண்டு மாசம் ஒங்க வீட்ல இருந்திருக்கேன். என்னையப் பாத்து ஒரு வார்த்தை, சாப்பிட்டியானு கேக்கலத்தே. கோழியை மூணு வேளை கேட்டீக."

சாப்பாட்டுச் சட்டி அடுக்களையில் திறந்துதான் கிடந்தது. அவரவர் வீட்டில் அவரவர் போட்டுச் சாப்பிடவேண்டியதுதானே? இதற்கெல்லாமா கேட்டுக்கொண்டிருப்பார்கள்? என்னை யாரும் கேட்டது கிடையாது. எனக்கு அப்படிக் கேட்கத் தெரியாது. அது ஒரு குற்றமா?

அவள் போன மறுநாளே கறுப்பி செத்துப்போனாள். ஆமாம் தங்கச்சி. நல்லா வாட்டசாட்டமாக இருந்தவள், காலையில் கூட்டுக்குள் மல்லாந்து கிடந்தாள். யார் கண் பட்டதோ! டாக்டரம்மா அறுத்துப் பார்த்துவிட்டு ஈரலில் கொழுப்பு ஏறியிருக்கிறது, தீனி அதிகம் என்றாள். தீனி போட்டா ஒரு உயிர் சாகும்?

பார்த்தீர்களா? இப்போது திரும்பிப் பார்த்தாள். கறுப்பி செத்தது அவளுக்குத் தெரியாது. பிள்ளை தொட்டிலில் தூங்கும்போது கறுப்பி தொட்டிலுக்கு அடியில்தான் வந்து படுக்கும். இவள் அதைத் துரத்தமாட்டாள். சரி, திரும்பிக்கொண்டாள். பார்க்கட்டும், பார்க்காமல் போகட்டும்.

இருபது நாள் பொறுத்தேன். முனீஸ் போன் போட்டு, "யம்மா, நீ போய்க் கூப்பிடு. இல்லாட்டி மதுரைக்குக் கூட்டிட்டு வந்துருவேன்" என்றான். "கூட்டிட்டுப் போ, எனக்கென்ன" என்றேன். என்றுவிட்டு இன்றைக்குக் காலையில் முதல் பஸ் பிடித்துக் கமுதிக்குப் போய்விட்டேன். சண்டை போடத்தான் போனேன். பேரனைப் பார்க்க எனக்கு உரிமை இல்லையா?

வீட்டு நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். சம்பந்தியம்மா காப்பி கொடுத்துவிட்டு, "மதினி, பெரிய பேச்செல்லாம் வேண்டாம். தப்புத்தான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவ ஒங்ககூடவே வந்துருவா" என்றார்கள். நான் காப்பியைக் குடித்தேன்.

அப்போது இவள் பிள்ளைக்குத் துணி மாற்றக் குனிந்தாள். குனிந்தபோது நெற்றியோரம் வெளிச்சம் பட்டது. பார்த்தால், குட்டை குட்டையாக, கறுகறுவென்று, குத்திட்டு நிற்கிறது. புது முடி. என் கை தானாகப் போய்விட்டது தங்கச்சி, சத்தியமாக நான் நினைத்துச் செய்யவில்லை. செவலையின் கழுத்தில் எதிர்ப்பக்கமாகத் தடவிப் பார்ப்பேனே, அதேபோல இவள் நெற்றியோரம் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். "குருத்து விட்ருச்சு. நல்ல தீனி போட்ருக்காக" என்றேன்.

சம்பந்தியம்மா எழுந்துவிட்டார்கள். "ஏன் மதினி, எம்மக என்ன கோழியா?" என்றார்கள். இவள் என் கையைத் தட்டிவிட்டாள். அண்ணன்காரன் வெளியே போய்விட்டான். நான் நல்லதைத்தானே சொன்னேன்? கோழிக்குச் சொன்னால் அது எவ்வளவு பெரிய நல்ல சொல் தெரியுமா? ஒரு வருஷத்தில் ஒரு நாள்தான் அப்படிச் சொல்ல வாய்க்கும்.

இருபது நாளில் குருத்து.

என் வீட்டில் இரண்டு மாதம் இருந்தாள்.

ஒன்றுமில்லை. தூசி. நீங்கள் ஜன்னலைக் கொஞ்சம் இழுத்துவிடுங்கள்.

அப்புறம் என்ன? "நான் மதுரைக்கே போறேன்" என்று இவள் சொன்னாள். அவள் அப்பா பஸ் ஏற்றிவிட்டார். அடுத்த பஸ் மாலையில்தான் என்பதால் நானும் இதிலேயே ஏறினேன். அவள் முன்னால் உட்கார்ந்தாள். நான் பின்னால் உட்கார்ந்தேன். பக்கத்துச் சீட்டில் தன் பையை வைத்துக்கொண்டாள், நான் வந்து உட்கார்ந்துவிடுவேனாம். நான் எதற்கு உட்காருகிறேன்?

ஊர் வந்துவிட்டதே. பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்புகிறான். இருங்கள், அவசரப்படாதீர்கள், நின்ற பிறகு இறங்கலாம். அவள் எழுந்திருக்கிறாளா பாருங்கள். எனக்கு இங்கிருந்து தெரியவில்லை. இல்லையா? பையையாவது எடுத்தாளா? இல்லையா?

சரி. போகட்டும். நான் சொல்லமாட்டேன் என்றால் சொல்லமாட்டேன்.

அந்த ரூம் மாடியில் இருக்கிறது என்றான் முனீஸ். தண்ணீர் கீழேயிருந்து தூக்கவேண்டுமாம். இவன் காலையில் எட்டு மணிக்குப் பட்டறைக்குப் போனால் இருட்டித்தான் வருவான். பிள்ளையை யாரிடம் கொடுத்துவிட்டு இவள் குடம் தூக்குவாள்? அடுப்பு எப்போது பற்றவைப்பாள்? பிள்ளை அழுதால் உலையை இறக்கிவிட்டுப் போய்விடுவாள், பிறகு சாப்பிடவேமாட்டாள். எனக்குத் தெரியும். எத்தனை நாள் அப்படிப் போய்ப் படுத்திருக்கிறாள். நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கண்டக்டர் தம்பி! இங்கே வாங்க. மதுரைக்கு ஒரு டிக்கெட் போடுங்க. ஆமா, எனக்குத்தான். அருப்புக்கோட்டைக்காரி மதுரைக்குப் போகக்கூடாதா?

நீங்கள் அப்படிப் பார்க்காதீர்கள் தங்கச்சி. தப்பு என்று சொல்லப் போகவில்லை. ரூமைப் பார்க்கப் போகிறேன். என் மகன் பிடித்த ரூம். குடிதண்ணீர் நல்லதா, கொசு இருக்கிறதா என்று நான் பார்க்கவேண்டாமா? இரண்டு குடம் தண்ணீர் தூக்கி வைத்துவிட்டு, ஒரு வேளை சோறு பொங்கிவைத்துவிட்டு வந்தால் என் கை தேய்ந்துவிடுமா?

ஒரு உதவி செய்யுங்கள். நெசவாளர் காலனி பக்கம் போவீர்களா? மூன்றாவது தெரு, சந்தனமாரி என்று கேட்டால் காட்டுவார்கள். இருட்டுவதற்குள் என் கோழிகளைக் கூட்டில் விட்டு, கொண்டிக்குக் கயிறு கட்டச் சொல்லுங்கள். கீரி வரும். தீனி ஒரு கைப்பிடி போதும், அதற்குமேல் வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்லவேண்டாம், அவளோடு எனக்குப் பேச்சில்லை. யாரோ சொன்னார்கள் என்று சொல்லுங்கள். எப்போது வருவேன் என்று கேட்டால்... தெரியவில்லை என்று சொல்லுங்கள்.

என்ன? யார் கூப்பிடுகிறார்கள்? என்னையா?

"அத்தே, அங்க இருந்து கத்தாதீக. புள்ள முழிச்சுக்கிருவான். எதுவா இருந்தாலும் இங்க வந்து உக்காந்து சொல்லுங்க."

கேட்டீர்களா? கத்துகிறேனாம். மாமியாரைப் பார்த்து, இத்தனை பேர் இருக்கும் பஸ்ஸில், கத்துகிறேன் என்கிறாள். என்ன வாய் பாருங்கள். நான் என்ன அவள் கூப்பிட்டவுடன் ஓடுகிறவளா?

வருகிறேன் தங்கச்சி. தள்ளுங்கப்பா, கொஞ்சம் வழிவிடுங்க. கூட்டம் ஏறுகிறது, அவள் பையை வேறு எடுத்துவிட்டாள். வேறு யாராவது போய் அந்தச் சீட்டில் உட்கார்ந்துவிடப் போகிறார்கள்.